முகத்துவாரத்தில் மூன்று கோடுகள்

அந்த ஏரியை அக்கா வரையவில்லை.

நேற்று மாலை அவள் வரைந்தது மூன்றே கோடுகள். ஒரு நாவலின் கற்பனை உலகத்துக்காகத் தம்பி வரைந்திருந்த ஆறு கடலில் சேரும் இடத்தில், குறுக்கே, மூன்று உயரக்கோடுகள். வரைபடத்தில் இந்தக் கோடுகள் நெருங்கினால் அங்கே செங்குத்தான மேடு என்று பொருள். நாளைக்குப் பதிப்பாளர் வந்து பார்த்ததும், "என்னப்பா, உன் ஆறு மலை ஏறுதா?" என்று சிரிப்பார். வேலை அவள் கைக்கு வரும். அவனுக்குப் பென்சில் பிடிக்கக் கற்றுக்கொடுத்ததே அவள்தான். பேர் வாங்குவது மட்டும் அவனா?

இப்போது மேட்டுக்குப் பின்னால் நீலமாக ஓர் ஏரி. தாள் காய்ந்துதான் இருந்தது. ஆனால் அறை முழுக்க, நெடுநாள் மூடிக்கிடந்த கிணற்றைத் திறந்ததுபோல, பாசியும் சேறும் கலந்த வாடை மெல்லப் பரவி அவள் தொண்டைவரை இறங்கியது.

"டேய், ஏரி ஒண்ணு போட்டியா?"

"நான் அதத் தொடவே இல்லக்கா," பக்கத்து அறையிலிருந்து தம்பியின் குரல். "ஏன், யாராவது ஆத்த அடைச்சுட்டாங்களா?"

"அடைச்சா என்ன ஆகும்?"

"தேங்கும். அப்புறம் சுத்தி எங்க தாழ்வோ அந்தப் பக்கம் வழிஞ்சு போயிடும். தண்ணிக்கு உன்ன மாதிரி வீம்பெல்லாம் கிடையாதுக்கா."

அவள் ரப்பரை எடுத்தாள். மூன்று கோடுகளையும் அழித்தால் போதும், தண்ணீர் கடலுக்குப் போய்விடும். படம் சரியாகிவிடும். அவன் படம்.

ரப்பரைக் கீழே வைத்தாள்.

ஏரி அகன்றது. கரையோர ஊர்கள், அவன் பொடி எழுத்தில் எழுதிய பெயர்களோடு, ஒவ்வொன்றாக நீலத்துக்குள் போயின. எங்கோ தொலைவில், மூடிய கதவுகளைப் பலர் சேர்ந்து தட்டுவதுபோல் ஒரு சத்தம். தாழ்வான இடம் எது? விரலால் கோடுகளைத் தொடர்ந்தாள். வடக்கே மேடு. கிழக்கே மேடு. தெற்கே தாளின் விளிம்பு.

விளிம்பில் அவளுடைய இடது மணிக்கட்டு.

குளிர்ந்தது. கையை இழுத்தாள். வரவில்லை.

மணிக்கட்டைவிட முழங்கை தாழ்வு. நீலக்கோடு தோலுக்குள் நுழைந்து அந்தப் பக்கமாக இறங்கியது. கிளைகள் வந்து சேர்ந்தன. கரைநெடுக ஊர்ப்பெயர்கள், தம்பியின் பொடி எழுத்தில்.

முழங்கைக் குழியில் ஏரி நிறைந்தது. தோலுக்கு அடியிலிருந்து, கடுகளவு கைகள் நூற்றுக்கணக்கில் தட்டிக்கொண்டிருந்தன.