சவரிமுத்துவின் வேண்டாம்

மணி பன்னிரண்டரை ஆனதும் 'பரிமாறி' எந்திரம் தன் இரண்டு கைகளையும் நீட்டி, சவரிமுத்துவின் தட்டில் கேப்பைக் களியும் சாளைமீன் குழம்பும் வைத்தது. தூத்துக்குடியில் எழுபத்தைந்து தாண்டிய ஒவ்வொருவர் வீட்டிலும் அரசாங்கம் நிறுத்தியிருந்த சமையல் எந்திரம் அது. விரல்நுனியைக் காட்டினால் போதும், ரத்தத்தில் எது குறைகிறதென்று பார்த்து அதற்கேற்றபடி ஆக்கிப் போட்டுவிடும்.

"இன்னும் கொஞ்சம் வைக்கவா ஐயா?"

"வேண்டாம்."

உடனே சட்டியை மூடிவிட்டது. பாவி எந்திரம்! ஒரு தடவை வேண்டாம் என்றால் அப்படியே விட்டுவிடுவதா? பசி வயிற்றைக் கிள்ளினாலும் கேட்டு வாங்கித் தின்கிற பழக்கம் அவர் பரம்பரைக்கே கிடையாது. எடை நாற்பத்தேழு கிலோவுக்கு இறங்கிவிட்டது. நாற்பத்தைந்துக்குக் கீழே போனால் முதியோர் காப்பகத்துக்கு ஏற்றிவிடுவார்கள். செத்துப்போன மனைவி மெட்டில்டாவோடு நாற்பது வருசம் குடியிருந்த வீடு இது. இதை விட்டுவிட்டு எங்கே போவது?

எடை குறைவதைக் கண்டு, பரிமாறியைச் சோதிக்க அரசாங்க அலுவலகத்திலிருந்து ஜெசிந்தா என்ற பெண் வந்தாள். தன் பையிலிருந்த அவித்த பனங்கிழங்கை அவரிடம் நீட்டினாள்.

"வேண்டாம்மா."

"அட, சும்மா சாப்பிடுங்க அண்ணாச்சி!" என்று கையில் திணித்தாள். மூன்று கிழங்கு மளமளவென்று உள்ளே போனது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"எந்திரத்துல ஒரு கோளாறும் இல்ல. அதுக்கு நம்ம ஊரு 'வேண்டாம்' புரியல, அவ்வளவுதான்." பரிமாறியின் பக்கம் திரும்பினாள். "இங்க பாரு, ஐயா வேண்டாம்னா கூச்சப்படுறாங்கன்னு அர்த்தம். நீதான் வற்புறுத்தணும்."

அப்புறமென்ன, ராஜ உபசாரம்தான். உடம்புக்கு வேண்டிய அளவு நிறையும்வரை பரிமாறி விடவில்லை. அவரும் வேண்டாம் வேண்டாம் என்றே வெளுத்துக்கட்டினார். மூன்றே மாதத்தில் ஐம்பத்திரண்டு கிலோ. இனி எவன் நம்மை அசைக்க முடியும் என்று நிம்மதியாகத் தூங்கினார்.

ஒருநாள் சாப்பாட்டின் நடுவே அது கேட்டது: "காப்பகத்துல ஓர் இடம் காலியா இருக்காம். விருப்பப்பட்டவங்க வரலாமாம். போறீங்களா ஐயா?"

"வேண்டாம்."

"நல்ல காத்து வருமாம்."

"வேண்டாம்னேன்லா!"

மறுநாள் காலை வாசலில் வண்டி வந்து நின்றது. ஓட்டுநர் காட்டிய படிவத்தில் 'சம்மதம்' என்று இருந்தது. சவரிமுத்து கதவு நிலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "நான் வரல! வேண்டாம்டே, வேண்டாம்!"

ஓட்டுநர் ஒன்றும் புரியாமல் பரிமாறியைப் பார்த்தார்.

"ஐயா கூச்சப்படுறாங்க" என்றது அது, ரொம்ப அன்பாக. "கையைப் பிடிச்சுக் கூப்பிடுங்க, வந்துருவாங்க."