கொட்டலசும் தேர்முனையும்

மிதவையூரில் குளோரின் நாற்றம் நின்று இருபத்தாறு நாளாகிவிட்டது. எதிர்ப்படுகிற பெண்களெல்லாம் ஜெசிந்தாவிடம், "மவராசி, இப்பத்தான் சோறு சோறா மணக்குது" என்றார்கள்.

மன்னார் வளைகுடாவில் மிதக்கும் அந்த ஊரே ஓர் ஆலைதான். கடல்நீரில் மின்சாரம் பாய்ச்சி ஹைட்ரஜன் எடுப்பார்கள். வேண்டாத குளோரினும் கூடவே வந்து தொலையும். பொறியாளர் ஜெசிந்தா கண்டுபிடித்த தேர்முனை, தன் மேற்பரப்பைக் கணந்தோறும் மாற்றிக்கொண்டு குளோரினைப் பிறக்கவே விடாத மின்முனை. கடலில் விடும் குளோரினை அளக்கும் கழிவுமானி முப்பது நாள் சுழியத்தில் நின்றால் ஆலையின் உரிமம் புதுப்பிக்கப்படும். இல்லாவிட்டால் முந்நூறு குடும்பமும் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

அன்று காலை ஆலைக்குள் வரும் கடல்நீர் பாதியாகக் குறைந்தது. முக்குளித்துப்போய்க் குழாயைப் பார்த்த மேஸ்திரி சவேரி மிக்கேல், சொரசொரப்பான ஒரு கட்டியோடு மேலே வந்தார்.

"கொட்டலசும்மா. உள்ள முழுக்க அப்பிக் கிடக்கு. படகு அடியில சிப்பி மாதிரி ஒட்டுமே, அதே சனியன்தான்."

"எட்டு வருசமா இல்லாதது இப்ப எப்படிண்ணே வந்துச்சு?"

"நீதாம்மா பெரிய படிப்புப் படிச்சவ. நீயே சொல்லு."

ஜெசிந்தா கட்டியை முகர்ந்து பார்த்தாள். வெறும் கடல் வாசம். அட கடவுளே! ஆலை கக்கிய குளோரின்தான் நீரோட்டத்தில் திரும்பிவந்து கொட்டலசுக் குஞ்சுகளைக் கொன்றுகொண்டிருந்திருக்கிறது. வேண்டாதது என்று அவள் துரத்தியது, இத்தனை வருடமும் குழாய்க்குக் காவல் நின்றிருக்கிறது.

"துளி குளோரின் விட்டாப் போதும்ணே."

"மானி காட்டிக் குடுத்துருமே! இன்னும் நாலு நாளுதான? சொரண்டுவோம்."

ஊரே உளியோடு இறங்கியது, ஜெசிந்தாவும்தான். சுரண்டியதைக் கடலில் கொட்டவும் விதி இடம் கொடுக்கவில்லை, மேல்தளத்தில் குவித்தார்கள். வெயிலில் அது அழுகியது. சோற்றை யாராலும் வாயருகே கொண்டுபோக முடியவில்லை. குளோரினே தேவலை என்று அதே பெண்கள் முணுமுணுத்தார்கள்.

முப்பதாம் நாள் அரசு ஆய்வாளர் மூக்கைப் பொத்திக்கொண்டே ஏறினார். மானியைப் பார்த்தார். சுழியம்.

"பிரமாதம்! ஆனா இதென்ன நாத்தம்?"

"கழிவே இல்லாத ஆலையோட நாத்தம் சார்," என்றார் மிக்கேல்.

ஆய்வாளர் சிரிக்கவில்லை. உரிமத்தில் கையெழுத்திட்டு, கீழே ஒரு வரி சேர்த்தார்: இனிப் பத்தாண்டுக்கு மானி சுழியத்தைவிட்டு நகரக் கூடாது.

ஊர் கைதட்டியது. ஜெசிந்தா அந்த வரியை இரண்டு தரம் படித்தாள். உரிமத்தை மிக்கேலிடம் கொடுத்துவிட்டு உளியைத் தேடினாள். மதியம் குழாய் சுரண்டும் முறை அவளுடையது.