ஏரி விட்ட மூச்சு

படகுத்துறைக் கம்பத்தில் வெட்டியிருந்த கோட்டுக்குத் தண்ணீர் திரும்பி ஏறவில்லை. ஆர்ச்சி தேநீர்க் கோப்பையோடு ஜன்னலருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அரை மணிக்கு ஒருமுறை நாலு விரற்கடை இறங்கி, மறுபடி ஏறுவது அந்த ஏரியின் வழக்கம். ஏரி மூச்சு விடுகிறது என்று சொல்லிவிட்டுக் கரைக்காரர்கள் தங்கள் ஆடுகளைப் பார்க்கப் போய்விடுவார்கள். இன்று விட்ட மூச்சை அது இழுக்கவே இல்லை.

"ஏரிக்கு என்னவாம்?" என்றாள் அவன் மனைவி மேரே, ரொட்டிக்கு மாவு பிசைந்தபடி. "ஒன்பது வருஷமா எங்க அண்ணனை வயித்துல வச்சிருக்கே, செரிக்கலையோ என்னவோ."

அவன் கோப்பையை ஜன்னல் திட்டில் வைத்தான். அவள் அண்ணன் டாமட்டி புயலில் படகிலிருந்து தவறி விழுந்தான் என்றுதான் ஊர் நம்பியது. கரைப் புல்வெளி யாருக்கு என்ற சண்டையில், ஆட்டுக்குக் கால் கட்டும் முடிச்சைப் போட்டு, நங்கூரத்தோடு அவனைத் தள்ளியது ஆர்ச்சிதான். இந்தக் குளிரில் பிணம் ஊதாது, மிதக்காது. நடு ஏரியின் ஆயிரம் அடி ஆழத்தை நம்பித்தான் செய்தான்.

ஆனால் அன்று கண்மண் தெரியாத மழை. துறைக்கு நேரே, பழைய பனியாறு குவித்துவிட்டுப் போன கல்மேடு ஒன்று தண்ணீருக்கடியில் கிடந்தது. அதைத் தாண்டிவிட்டோம் என்று நினைத்துத்தான் தள்ளினான்.

இப்போது தண்ணீர் இறங்கிக்கொண்டே போய், கல்மேட்டின் முதுகு வெளியே தெரிந்தது.

மேரே பார்ப்பதற்குள் போய்விட வேண்டும். சேறு பூட்சை இழுக்க இழுக்க ஓடினான். வாத்துகள் இல்லை. அலைச் சத்தம் இல்லை. பழைய பனியின் வாடை மட்டும், மூக்கை அறுத்தது.

மேட்டின் மேல் டாமட்டி உட்கார்ந்திருந்தான். மேரே பின்னிய சிவப்பு ஸ்வெட்டர். கெடாத முகம். இடுப்பில் கயிறு.

"உன் முடிச்சுதானே அது?"

மேரே பின்னாலேயே வந்திருந்தாள். கையெல்லாம் மாவு.

"மேரே, நான் சொல்றதைக் கேளு."

"ஒன்பது வருஷம் கேட்டாச்சு." அவள் அவனைப் பார்க்கவில்லை. மேட்டைப் பார்த்துச் சாதாரணமாகச் சொன்னாள்: "அண்ணே, உன் ஆளு வந்துட்டான்."

சொல்லிவிட்டுத் திரும்பிக் கரைக்கு நடந்தாள்.

அவள் பின்னால் ஓட ஒரு காலை எடுத்து வைத்தான். மறுகால் வரவில்லை. கணுக்காலில் கயிறு. ஆட்டு முடிச்சு. அவன் பார்க்கப் பார்க்கவே இறுகியது.

தூரத்தில் ஏரி மூச்சை இழுத்தது.

முழங்கால். இடுப்பு. நெஞ்சு. கத்தினான். துறையில் மேரே உட்கார்ந்து, கம்பத்துக் கோட்டில் மாவு விரலை வைத்து, தண்ணீர் அதைத் தொடுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

தாடை.

பின்னாலிருந்து ஒரு சில்லிட்ட கை, மச்சான் என்ற உரிமையோடு, அவன் தோளில் விழுந்தது.