பதினெட்டுக் குழி

மூன்றாம் கண்ணாடிக் கூண்டில் காலைக்குரிய காற்றைப் பங்கிட்டு முடித்ததும், தமயந்தி வேலைக்கு உட்கார்ந்து மழையை நிறுத்தினாள். செவ்வாய்க் கிரகத்தில் மழை ஏது? அவள் வடிவமைத்த கணினி கோல்ஃப் விளையாட்டுக்குள் பெய்த மழை அது.

'தின்ன முடியாததை நடக் கூடாது' என்பது கூண்டின் முதல் சட்டம். ஒரே ஒரு பூச்செடிக்கு அவள் அனுமதி கேட்டபோதெல்லாம், "கூட்டு வைக்கலாமா, பொரியல் பண்ணலாமா?" என்று கேட்டே விரட்டினார்கள். அந்த ஏக்கத்தில்தான் பூமியில்கூட இல்லாத ஒரு புதர்வெளியைத் திரையில் விரித்திருந்தாள். மணல் மேடுகள், முழங்கால் உயரத்துக்கு ஊதாப்பூ பூக்கும் ஹெதர் புதர்கள், மஞ்சள் முட்செடி, காற்றுக்குச் சாய்ந்த நாலைந்து பைன் மரங்கள். விதைக் காப்பகத் தகவல்களைப் பார்த்து வேர்களைக்கூட வரைந்திருந்தாள். விளையாட வருகிறவன் வேரையா பார்க்கப் போகிறான்? அவள் பார்த்தாள், அவளுக்கு அது போதும்.

மேலாளர் லூர்துசாமி உதட்டைப் பிதுக்கினார்.

"என்னம்மா, ஒரே புதரா கெடக்கு? அருவி எங்க? தென்னை மரம் எங்க?"

"இந்த மண்ணுல சத்தே கிடையாது சார், தென்னை வராது. சத்து இல்லாததாலதான் இந்தப் பூவே வருது."

"எவன் பார்ப்பான் இத? அருவிய வச்சு வேற ஒண்ணு போடு. இத அழிச்சிடு."

அருவி வைத்து வேறொன்று போட்டுக் கொடுத்தாள். இதை அழிக்க மட்டும் கை வரவில்லை. பொது நினைவகத்தில் ஒரு மூலையில் கிடக்கட்டும் என்று ஏற்றினாள். 'வகை?' என்றது நினைவகம். 'நிலம்' என்றாள். 'அளவு?' என்றது. 'பதினெட்டுக் குழி' என்றாள். பந்து விழும் குழி பதினெட்டு உள்ள கோல்ஃப் திடலை வேறு எப்படிச் சொல்வதாம்?

வினை அங்கேதான் பிடித்தது. 'நிலம்' என்று ஏறுவதெல்லாம் கூண்டின் மண்ணையும் நீரையும் ஆளும் கிழார் என்னும் நிலமூளைக் கணினியிடம் போகும். தமிழ்க் குடியேற்றமாயிற்றே என்று அதற்குப் பழைய நிலப் பத்திரங்களையெல்லாம் படிக்கக் கொடுத்திருந்தார்கள். நூறு குழி ஒரு மா என்னும் பழைய நில அளவு அதற்குத் தலைகீழ்ப் பாடம். கூண்டில் ஒரு சின்ன வீட்டுக்கு ஒரு குழி போதும்; பதினெட்டுக் குழி என்றால் ஒரு தோட்டமளவு. கீரைகூட முளைக்காத மணல் மூலையொன்று அதன் பொறுப்பில் சும்மா கிடந்தது. தின்ன முடியாததாயிற்றே? தேனீ தின்னுமே என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டு, கிழார் விதைக் காப்பகத்தைத் திறந்தது.

பருவம் வந்ததும் அந்த மூலை ஊதாவாகப் பூத்தது. செய்தி கேட்டு ஓடிவந்த தமயந்தி மணலில் கையைப் புதைத்துக்கொண்டு அழுதாள். சந்தோஷத்தில் அழுவது அவளுக்கு அதுதான் முதல் தடவை.

"கிழாரே, குழின்னா நில அளவு இல்லய்யா! பந்து விழற ஓட்டை. பக்கத்துல கொடி நட்டு, சுத்திப் புதர் இருக்குமே, அது!"

"மன்னிக்கணும் அம்மா. அகராதியத் திருத்திட்டேன்," என்றது கிழார்.

ஊரே வரிசையில் நின்று பூவைப் பார்த்தது. பிடுங்கச் சொல்ல வந்த ஊர்ச் சபைக்காரர்களும் முகர்ந்துவிட்டு, மறுபடி முகர வரிசையில் போய் நின்றார்கள். அதோடு விட்டார்களா? கிழக்குப் பார்த்த மனை போய், பூப் பார்த்த மனைக்குப் பேச்சு கிளம்பியது. முதல் விண்ணப்பம் லூர்துசாமியுடையது: 'புதர்வெளியை ஒட்டி எனக்கு ஒரு குழி.' பின்னாலேயே ஊர் முழுவதும் குழி கேட்டது. கிழார் ஒருவரையும் ஏமாற்றவில்லை. கேட்ட எல்லோருக்கும் கொடுத்தது.

லூர்துசாமி அளவு நாடாவும் கையுமாகக் குடும்பத்தோடு வந்து இறங்கினார். அவர் பெயர் எழுதிய சிவப்புக் கொடி ஒன்று பறந்தது. அதன் அடியில் உள்ளங்கை அகலத்தில் ஓர் ஓட்டை. சுற்றிலும் அப்போதுதான் நட்ட ஹெதர் கன்றுகள். கண்ணுக்கெட்டிய வரை அப்படியே கொடியும் கன்றுமாகத் தெரிந்தது.

"எம்மா தமயந்தி, இதுக்குள்ள நான் எப்படிம்மா வீடு கட்டறது?"

"வீடு போகாது சார். பந்து போகும்," என்று அவள் ஒரு பந்தை நீட்டினாள்.

அவர் அளவு நாடாவைச் சுருட்டிவிட்டுப் பந்தை வாங்கினார். பிறகு குனிந்து உருட்டினார். பந்து விழுந்தது. மனைவி மக்கள் கைதட்டினார்கள். அவர் முகமெல்லாம் சிரிப்போடு நிமிர்ந்து பக்கத்துக் கொடியைப் பார்த்தார்.

"அந்தக் குழி யார் பேர்லம்மா இருக்கு? விப்பாங்களா?"