கண்ணை மூடித் தின்னும் ஊர்

மக்ரூன் கடையில் நின்ற அத்தனை பேரும் கண்ணை இறுக மூடிக்கொண்டுதான் வாயைத் திறந்தார்கள். ஒரு தலைமுறைக்கு முந்தைய ஆள் யாராவது வந்து பார்த்தால், தூத்துக்குடிக்காரர்களுக்குத் தின்பண்டத்தின் மேல் எவ்வளவு பக்தி என்று அசந்து போயிருப்பார். பக்தியாவது, ஒன்றாவது. கண்ணைத் திறந்துகொண்டு தின்றால் தின்றது அப்படியே வெளியே வந்துவிடும், அதுதான் விஷயம்.

மகள் கோயிலில் முதல் நற்கருணை வாங்கும் புதுநன்மை விருந்துக்காக மக்ரூன் வாங்க வந்திருந்தாள் பிளாரன்ஸ். அவளுக்கு முன்னால் நின்ற சிறுமியும் கண்ணை மூடிக்கொண்டு தின்றாள். அந்த வயதில் சர்க்கரை நோயா என்று பிளாரன்ஸுக்குத் திக்கென்றது.

"ஏன் பாப்பா கண்ணை மூடிட்டுத் திங்க?"

"இனிப்பு அப்படித்தான் திங்கணும். எங்க அம்மா, அப்பா எல்லாரும் அப்படித்தான் திம்பாங்க."

பிளாரன்ஸுக்குச் சிரிப்பு வந்தது. கடையை விட்டு இறங்கும்போது அந்தச் சிரிப்பு என்னவோ கசந்தது.

கண்ணை மூடும் இந்தப் பழக்கத்துக்குக் காரணம், பயமூட்டவென்றே வந்த அச்சக்காட்சி. ஊரில் எல்லாருக்கும் கையில் தோலுக்கடியில் நலச்சில்லு இருந்தது, கண்ணில் கண்வில்லை இருந்தது. சர்க்கரை ஏறிய ஆள் இனிப்பை நோக்கிக் கையை நீட்டினால் போதும், சில்லு வில்லைக்குச் சொல்லிவிடும். உடனே கண்ணுக்கு முன்னால் ஒரு கால் தெரியும். வேறு யாருடைய காலோ இல்லை, அவரவர் கால். வருடா வருடம் ஸ்கேன் எடுத்து வைத்திருக்கிறார்களே, அதே கால். அதில் ஒரு புண் வரும், அழுகும், புழு நெளியும், கடைசியில் ஒரு ரம்பம் வந்து முழங்காலுக்குக் கீழே இறங்கும். இருபது எண்ணுவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். இமையை மூடினால் வில்லை தூங்கிவிடும் என்பதால் ஜனங்கள் கண்ணை மூடி இருபது எண்ணப் பழகிக்கொண்டார்கள்.

இந்தக் காட்சியைக் கற்பனை செய்து, ரம்பத்தின் பல் ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்து வரைந்தவள் வேறு யாருமில்லை, பிளாரன்ஸ்தான். விழிப்புக் காட்சி வாரியத்தின் தலைமை ஓவியர் அவள். முதல் வருடம் இனிப்புக் கடைகள் ஈயோட்டின. வாரியத்தில் எல்லாரும் காலரைத் தூக்கி விட்டுக்கொண்டார்கள். மறு வருடமே வியாபாரம் பழையபடி ஆகிவிட்டது. கால் இழந்தவர்களின் எண்ணிக்கையோ குறைவதற்குப் பதிலாகக் கூடியது. ஏன் கூடுகிறது என்று யோசிக்க வேண்டிய இயக்குநர் மாசிலாமணி, படத்தில் பயம் போதவில்லை என்று முடிவு கட்டினார். சிவப்பு போதாதென்று சீழ் வந்தது. சீழ் போதாதென்று புழு வந்தது. இப்போது வாடை வரப்போகிறது.

"கண்ணை மூடுவான். மூக்கை மூடிக்கிட்டு எப்படித் திம்பான்?" என்று மாசிலாமணி மேசையைத் தட்டிக் கேட்டிருந்தார். மூக்கு நுனியில் ஒட்டிக்கொள்ளும் வாடைப்பொட்டு தயாராகிவிட்டது. அதில் ஏற்ற வேண்டிய அழுகல் நாற்றத்தைச் சொட்டுச் சொட்டாகக் கலந்து சரிபார்க்கும் வேலைதான் அந்த வாரம் முழுக்க பிளாரன்ஸுக்கு. வீட்டுக்கு வந்து எவ்வளவு சோப்பு போட்டுக் கழுவினாலும் அது மூக்கை விட்டுப் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் வீடு நிறையச் சனம். வாசலில் செருப்புகள் மலையாகக் குவிந்து கிடந்தன. மகள் ஷெரின் வெள்ளைக் கவுனில் தாய்மாமனின் மாலைக்காகக் காத்து நின்றாள். தாய்மாமன் கஸ்பாரோ கேட்டுக்கு வெளியே, பளபளக்கும் தோல் ஷூவோடு நின்றுகொண்டு உள்ளே வர மாட்டேன் என்றான்.

"அண்ணே, உள்ள வா. பிள்ள காத்துட்டு நிக்கா."

"இல்லட்டி, இங்கனயே போட்டுட்டுப் போறேன். அவளைக் கூப்பிடு."

"தாய்மாமன் கேட்டுல நின்னு மாலை போடுவானா? ஊரு சிரிக்கும். ஷூவைக் கழட்டிட்டு வா."

"துறைமுகத்துல கப்பல் நிக்குட்டி. அவசரம்."

கஸ்பார் துறைமுகத்தின் பெரிய பளுதூக்கிக் கிரேன்களை அறைக்குள் உட்கார்ந்தபடியே ஓட்டுகிறவன். அன்று அவனுக்கு விடுமுறை என்பது பிளாரன்ஸுக்குத் தெரியும். கூசாமல் பொய் சொல்கிறானே என்று அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. கேட்டுக்கு இந்தப் பக்கம் குழந்தையும் அந்தப் பக்கம் மாமனுமாக மாலை போட்டு, சங்கிலியையும் போட்டுவிட்டு அவன் போய்விட்டான்.

அவன் மனைவி லூர்து அடுக்களையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். பிளாரன்ஸ் பிடித்த பிடியில் அவளால் மறைக்க முடியவில்லை.

"நான் சொன்னேன்னு சொல்லிராத, பிளாரி. ரெண்டு மாசமா இப்படித்தான். கோயிலுக்கு வந்தா வாசல்லயே நிக்காரு. யாரு வீட்டுக்கும் போறதில்ல. படுக்கும்போதும் காலுறையோட படுக்காரு. ஏன்னு கேட்டா எரிஞ்சு விழுதாரு." குரலைத் தாழ்த்தினாள். "ரூமுக்குள்ள ஒரு வாடை வருதுட்டி. எலி செத்துக் கிடக்குன்னு கட்டிலைப் புரட்டிப் பாத்தேன். எலியைக் காணோம்."

"என்ன வாடை, மைனி?"

லூர்து சொல்லத் தொடங்கியதுமே பிளாரன்ஸுக்கு அந்த வாடை அடையாளம் தெரிந்தது. வாரம் முழுக்க அவள் சொட்டுச் சொட்டாகக் கலந்துகொண்டிருந்தது அதைத்தான். தன் அண்ணனின் கால் போகப்போகிறது என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது.

மறுநாள் காலையிலேயே துறைமுகத்துக்குப் போனாள். கட்டுப்பாட்டு அறையில் கஸ்பாருக்குப் பக்கத்து இருக்கையில் வேலை பார்க்கும் பிச்சையா, "தங்கச்சி வந்திருக்காக பாரு" என்று எழுப்பி அனுப்பினார். கேன்டீன் பின்னால், வேப்பமரத்து நிழலில் இருவரும் நின்றார்கள். பிளாரன்ஸ் சுற்றி வளைக்கவில்லை.

"காலைக் காட்டு."

"எந்தக் காலை?"

"அண்ணே, நான் வாடைக்காரி. என்கிட்ட மறைக்காத."

கஸ்பார் சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்தான்.

"ஈஸ்டருக்கு முந்தி, தபசு காலத்துல ஒரு நாள், கருப்பட்டிக் காப்பியைக் கையில எடுத்துட்டுக் குனிஞ்சேன். சுண்டுவிரல் பக்கத்துல புண்ணு. உன் படம்னுதான் நினைச்சேன். என் கால்லதானட்டி நீ படம் காட்டுத. கண்ணை மூடி இருபது எண்ணினேன்."

"பொறவு?"

"கண்ணைத் தொறந்தா அப்படியே இருக்கு. வில்லை கெட்டுப்போச்சுன்னு நினைச்சு, கடையில போயி புது வில்லை மாத்திட்டு வந்தேன். அப்பவும் இருந்துச்சு. வலியும் இல்ல. வலிச்சாலாவது நிசம்னு தெரியும். அதுக்குப் பொறவு நான் குனியவே இல்ல."

நிஜப் புண்ணைப் படம் என்று நினைத்து, அது தானாகப் போகட்டும் என்று கண்ணை மூடிக் காத்திருக்கிறான் மனிதன். இப்படி ஒரு கூத்து வேறு எந்தக் காலத்திலாவது நடந்திருக்குமா?

"நிசம்னு தெரிஞ்ச பொறவாவது ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாம்லா?"

"போயி?" என்றான் கஸ்பார். "அடுத்தது என்னன்னு எனக்குத் தெரியாதா? அஞ்சு வருசமா நீதான காட்டுத. புண்ணு, அதுக்குப் பொறவு ரம்பம். நடுவுல ஒண்ணுமில்ல. எப்படியும் வெட்டத்தான் போறாங்க. அது வரைக்கும் ரெண்டு காலோட நடந்துட்டுப் போறேனே."

புண்ணுக்கும் ரம்பத்துக்கும் நடுவே என்ன இருக்கிறது என்று யாரும் அவளிடம் சொன்னதில்லை. அவளும் கேட்டதில்லை. பயங்கரமாக இருக்கிற இரண்டையும் எடுத்துக்கொண்டு, பயங்கரம் இல்லாத எல்லாவற்றையும் விட்டுவிட்டாள். ஊரே அந்த இடைவெளிக்குள் விழுந்து கிடக்கிறது. அதில் தன் அண்ணனும் கிடக்கிறான்.

"நடுவுல என்ன இருக்குன்னு எனக்கும் தெரியாதுண்ணே," என்றாள். "சத்தியமாத் தெரியாது. தெரியாமத்தான் வரைஞ்சேன். வா, ரெண்டு பேரும் போயிப் பாப்போம். அங்க எவனாவது ரம்பத்தை எடுத்தா நானே உன்னைத் தூக்கிட்டு ஓடியாறேன்."

"நீ என்னைத் தூக்குவியாக்கும். உன் ஒடம்பும் நீயும்."

சிரிக்கப் போனவன் அழுதுவிட்டான். ஆனால் எழுந்து அவளோடு நடந்தான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் நசீமா காலுறையைக் கத்தரித்து எடுத்தபோது கஸ்பாரின் கண்கள் தாமாகவே மூடிக்கொண்டன. திறக்கச் சொன்னார் டாக்டர். திறக்க முயன்றான், இமைகள் கேட்கவில்லை.

"இங்க வர்றவங்க எல்லாருமே இப்படித்தான்," என்றார் டாக்டர் அலுப்போடு. "தினமும் காலைப் பாத்தாத்தான கால் தப்பும்? பாக்கவே விடாமப் பழக்கி வச்சிருக்காங்க, எந்த மகராசனோ."

அந்த மகராசி அண்ணனின் குதிகாலைத் தன் உள்ளங்கையில் தாங்கிக்கொண்டு, "நான் பிடிச்சிருக்கேன், பாருண்ணே" என்று மட்டும் சொன்னாள். அவன் ஒரு கண்ணைத் திறந்தான். பிறகு மற்றதையும் திறந்தான்.

"சுண்டுவிரலைக் காப்பாத்த முடியாது," என்றார் நசீமா. "எலும்பு வரைக்கும் போயிருச்சு. ஆனா கால் நிக்கும். இன்னும் ஒரு மாசம் கழிச்சு வந்திருந்தா இந்தப் பேச்சே இருந்திருக்காது."

கால் நிற்கும் என்ற சொல்லைக் கேட்டதும் பிளாரன்ஸ் அந்த அறையிலேயே, அத்தனை பேர் முன்னாலும் விம்மி விம்மி அழுதாள்.

சுண்டுவிரலை எடுத்த பின், நடுவில் என்ன இருக்கிறது என்பதை அடுத்த வாரங்களில் பார்த்தாள். கழுவுவது, மருந்து வைப்பது, கட்டுவது. கால் ஊன்றாமல் இருப்பது. சர்க்கரையை இறக்குவது. அடி மெத்தென்று இருக்கும் செருப்பு. பார்க்கப் பார்க்கக் கொட்டாவி வருகிற சமாசாரங்கள்தான். கொட்டாவி வருகிற அந்தச் சமாசாரங்கள்தான் அவள் அண்ணனின் காலை மீட்டன. அவன் சம்மதத்தோடு அதை அப்படியே படம் பிடித்து, வாடைக்குப் பதிலாக மாசிலாமணி முன் வைத்தாள்.

"இதைப் பாத்து எவன்மா பயப்படுவான்?"

"பயந்தவங்கதான் சார் கண்ணை மூடிட்டாங்க."

மாசிலாமணி முகத்தைச் சுளித்தார். ஆனாலும் கெட்டவர் இல்லை. வருடா வருடம் கூடும் அந்த எண்ணிக்கை அவர் தூக்கத்தையும் கெடுத்துக்கொண்டுதான் இருந்தது. துறைமுகக் கேன்டீனில் மட்டும், அதுவும் பத்து நாளைக்கு மட்டும், பழைய காட்சியை எடுத்துவிட்டு இதைப் போட்டுப் பார்க்கச் சொன்னார்.

ஒன்பது நாள் போயும் ஒன்றும் நடக்கவில்லை. நடக்குமா? புதுக் காட்சியைப் பார்க்க யாராவது கண்ணைத் திறந்தால்தானே. கை இனிப்புக்கு நீண்டது, கண் மூடியது, உதடு இருபது எண்ணியது. பத்தாம் நாள் மதியம் கேன்டீன் மூலையில் உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்த பிளாரன்ஸுக்கு மனசு விட்டுப்போனது. நல்ல படம், கெட்ட படம் என்று எதைப் போட்டாலும் இனி யார் பார்க்கப்போகிறார்கள்?

அன்றுதான் கஸ்பார் வேலைக்குத் திரும்பியிருந்தான். சாப்பாட்டுத் தட்டோடு வந்தவன் தங்கையின் முகத்தைப் பார்த்தான், கண்ணை மூடி வரிசையாக உட்கார்ந்திருந்த கூட்டாளிகளைப் பார்த்தான். தட்டை வைத்துவிட்டுச் செருப்பைக் கழற்றினான். வலது காலைத் தூக்கிப் பெஞ்சின் மேல் வைத்தான்.

"மக்கா, கண்ணைத் தொறங்கலே. இது படம் இல்ல. நான்தான், கஸ்பார்."

இரண்டொருவர் திறந்தார்கள். திறந்த வேகத்தில் மூடினார்கள். ஒருவர் சத்தமாகவே இருபது எண்ணிவிட்டுத் திறந்தார்.

"இன்னும் போகலியேப்பா."

"போகாதுல. நாலு விரலும் ஒட்டிக்கிட்டுத்தான் இருக்கு. எண்ணிப் பாரு."

யாரோ சிரித்தார்கள். கேன்டீன் அக்கா, "சோறு திங்கற இடத்துல காலைத் தூக்கி வைக்கீகளே, நல்லாவா இருக்கு?" என்று அதட்டியவள், தானும் கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் பெஞ்சைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. புண் எப்போது வந்தது, டாக்டர் திட்டினாரா, வலித்ததா என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். ஐந்து வருடமாக யாரும் யாரிடமும் கேட்காத கேள்விகள்.

பிச்சையா மட்டும் கூட்டம் கலையும் வரை காத்திருந்து, கஸ்பாருக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ரம்பம் எங்கடே?" என்று மெதுவாகக் கேட்டார்.

"அப்படி ஒண்ணு அங்க இல்ல, அண்ணாச்சி. கத்தரிக்கோலும் பஞ்சும்தான் இருக்கு."

பிச்சையா ஷூவின் கயிற்றை அவிழ்த்தார். காலுறையை உருவும்போது அவர் கண்கள் இறுக மூடியிருந்தன. உதடுகள் எண்ணத் தொடங்கின. கஸ்பார் அந்த மூடிய முகத்தைப் பார்த்துவிட்டு, தங்கை தனக்குச் செய்ததுபோலவே குனிந்து அவர் குதிகாலைக் கையில் தாங்கிக்கொண்டான்.

"எண்ணாதீய அண்ணாச்சி. நான் பிடிச்சிருக்கேன். பாருங்க."

பிச்சையா கண்ணைத் திறந்து குனிந்தார். பிளாரன்ஸும் எட்டிப் பார்த்தாள். பெருவிரலுக்குக் கீழே புண் இருந்தது. மிளகு அளவுதான் இருந்தது.

"சின்னதாத்தான் இருக்கு," என்றார் பிச்சையா. நம்ப முடியாதவரைப் போல இன்னொரு முறை பார்த்தார். "ஏ கஸ்பாரு, சின்னதாத்தான் இருக்குடே."