லாபம், ரெண்டு, மூணு

"கையை எடும்மா," என்று கணினிப் பதிவுப் பெண் ஜானவியிடமிருந்து கீபோர்டைப் பிடுங்கினார் ஆலை மேலாளர் ஸ்ரீராமன். "பாருங்க மேடம், போன வாரம் நீக்கினது திரும்ப வந்து உக்காந்திருக்கு."

கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் தகரக் கூரைகள் மேல் மழை விடாமல் இரைந்தது. தலைமை அலுவலகம் அனுப்பிய சரக்குத் தணிக்கையாளர் மெஹர்னிசா, பழவேற்காட்டு வியாபாரக் குடும்பத்துப் பெண், திரையைக் குனிந்து பார்த்தாள். பின்னால் அவள் உதவியாளன் அப்ரார்.

உற்பத்தித் திட்ட மென்பொருளில் செத்த சரக்குகளை, அதாவது இனி யாரும் பயன்படுத்தாத பொருள்களின் பதிவுகளை, களைந்துகொண்டிருந்தார்கள். மற்றதெல்லாம் போய்விட்டது. பிரஸ் இயந்திரத்தில் கை மாட்டாமல் தடுக்கும் இரும்புக் காப்பு ஒன்று மட்டும் போக மறுத்தது. பதிவு நீங்கினால்தான் பொருளைப் பழைய இரும்புக்கு அனுப்ப முடியும். ஆனால் யாராவது கையிருப்பை எண்ணிப் பதிந்துவிட்டால், மென்பொருள் அதற்கு மறுபடி உயிர் கொடுத்துவிடும். யாரோ வாராவாரம் பதிகிறார்கள், ஜானவியின் லாகினில். குறிப்புக் கட்டத்தில் ஒரே சொல்: லாபம்.

"நிறுத்தின பிரஸ்ல இருந்து கழட்டின பழசு. அதுல யாருக்கு என்ன லாபம்?" என்றார் ஸ்ரீராமன். " சாயந்திரத்துக்குள்ள தெரியலைன்னா இவளை வேலையை விட்டுத் தூக்கிடுவேன்."

"நான் எழுதல மேடம்," என்றாள் ஜானவி. "ஸ்டோர் கம்ப்யூட்டர்ல லாகினை மூடாம சாப்பிடப் போவேன். என் தப்பு அவ்ளோதான். என் சம்பளத்துலதான் வீடு ஓடுது."

"இந்தப் பொண்ணுதான்க்கா. மூஞ்சே சொல்லுது," என்று அப்ரார் காதில் முணுமுணுத்தான்.

"நீ இன்னா ஜோசியக்காரனா? வா, சாமானைப் பாப்போம்."

ஸ்டோரில் எல்லாவற்றின் மேலும் தூசி. அந்த மஞ்சள் காப்பு மட்டும் துடைத்து வைத்தாற்போல் இருந்தது. மெஹர்னிசா அதன் போல்ட் துளைகளைச் சுற்றி விரலை ஓட்டினாள். கூடவே கட்டியிருந்த போல்ட் பையைத் திருப்பிப் பார்த்தாள்.

அடுக்குக்குப் பின்னால் ஸ்டோர்க்காரி ஆரோக்கியமேரி தட்டில் நட்டுகளைப் போட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். "லாபம், ரெண்டு, மூணு..."

அப்ரார் சிரித்தான். "இன்னா ஆன்ட்டி, ஒண்ணு காணாமப் போச்சா?"

"நெல்லு அளக்குற ஊட்ல பொறந்தவ நைனா. மொத மரக்கா லாபம்தான். ஒண்ணுன்னு வாய்ல வராது."

அப்ராரின் சிரிப்பு நின்றது.

மேலாளர் அறையில் எல்லோரையும் நிற்க வைத்துத்தான் மெஹர்னிசா பேசினாள். "லாபம்னா இங்க காசு இல்ல சார். எண்ணிக்கை. மேரியம்மா காப்பை எண்ணி, வாய்ல வந்ததையே எழுதிக்கினு வந்திருக்காங்க. ஜானவி மேல தப்பில்ல."

ஸ்ரீராமன் மேரியின் பக்கம் திரும்பினார். "அப்போ இவளை..."

"இருங்க. கழட்டின பழசுன்னீங்க. துளையைச் சுத்தி பெயிண்டுல ஒரு கீறல் இல்ல. போல்ட் பையை இன்னும் பிரிக்கவே இல்ல. இதை மெஷின்ல ஒருநாளும் மாட்டல சார். அப்புறம் ஏன் கழட்டினதுன்னு சொன்னீங்க?"

பதில் ஜானவியிடமிருந்து வந்தது, மெதுவாக. "அந்த பிரஸ்ல போன வருஷம் ஒருத்தன் செத்துட்டான் மேடம். காப்பை அவனே கழட்டிட்டு வேலை பார்த்தான்னு திருவள்ளூர் கோர்ட்டுல கம்பெனி எழுதிக் கொடுத்திருக்கு."

ஸ்ரீராமன் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"பழைய இரும்புக்குப் போயிருந்தா அந்தப் பொய்தான் நின்னிருக்கும்," என்றாள் மெஹர்னிசா. "காப்பு இனி என் சீலோட கோர்ட்டுக்குப் போவும். மேரியம்மா, வாராவாரம் இதைத் துடைச்சு எண்ணிக் காப்பாத்தி வச்சிருக்கீங்க. செத்தவன் உங்களுக்கு யாரு?"

மேரி முந்தானையில் கிரீஸ் விரல்களைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"யாருன்னு தெரிஞ்சா இங்க வேலை குடுப்பாங்களா? அதான் சொல்லாம சேந்தேன். எம்புள்ள மேடம். ஒண்ணு. எனக்கு இருந்தது அந்த ஒண்ணுதான்."