ஸ்லிமான் பெரியப்பா செய்த தப்பு

ரொட்டி அடுப்புக் கடையின் வாசலில் பிரெஞ்சு சிப்பாயைப் பார்த்ததும், என் தலையிலிருந்த பலகை இரண்டு மடங்கு கனத்தது.

வீட்டில் தட்டிய மாவை எல்லாரும் அந்தக் கடையில்தான் கொடுத்துச் சுடுவோம். என் பலகையில் ஐந்து வட்டம். எங்கள் வீட்டிலோ மூன்றே பேர்: அம்மா, பத்து வயதான நான், தம்பி நதீர். அப்பா சிறையில் இருந்தார்.

நான்காவதாக ஒருவர் இருந்தார். அதுதான் சிக்கல். ஷெரீஃப் அண்ணன் விடுதலைக்குப் போராடுகிறவர்களின் கடிதங்களைக் கொண்டுபோனவர். தொடையில் குண்டு பாய்ந்து எங்கள் மாடி அறையில் படுத்திருந்தார். பத்து நாள் அசையவே கூடாதாம். ரத்தம் போன உடம்பு என்று அம்மா அவருக்கு மட்டும் இரண்டு ரொட்டி தட்டினார்.

இது 1957, பிப்ரவரி. அதற்குச் சில நாள் முன்புதான் அல்ஜியர்ஸ் நகரில், எங்கள் பழைய பேட்டையான கஸ்பா முழுவதும், சுதந்திரம் கேட்டு எட்டு நாள் கடையடைப்பு நடத்தியிருந்தோம். சிப்பாய்கள் கடைக் கதவுகளைப் பிடுங்கி எறிந்தும் எங்கள் ஆட்கள் மசியவில்லை. அந்த எரிச்சலில் ஒவ்வொரு வீட்டுக் கதவிலும் எண் எழுதினார்கள். உள்ளே எத்தனை பேர் என்றும் ஒரு நோட்டில் குறித்தார்கள். எங்கள் கதவில் 31. நோட்டில் மூன்று பேர்.

இப்போது அந்த நோட்டு அடுப்புக் கடை வாசலில் இருந்தது. சிப்பாயின் பக்கத்தில் ஒரு மொழிபெயர்ப்பாளன், எங்கள் ஊர்க்காரன்தான், ஒவ்வொரு பலகையாக ரொட்டியை எண்ணினான். தலையை விட ரொட்டி அதிகமென்றால் வீட்டைச் சோதனை போடுவார்களாம். வரிசையில் முணுமுணுத்தார்கள்.

திரும்பி ஓடிவிடலாம் என்று பார்த்தேன். சந்தின் மறுமுனையிலும் ஒரு சிப்பாய். ஷெரீஃப் அண்ணனைப் பிடித்தால் அம்மாவையும் கொண்டுபோய்விடுவார்கள். பிறகு நதீருக்கு யார் இருக்கிறார்கள்?

எனக்கு முன்னால் அதே சந்துத் தோழி தாவ்ஸ் நின்றாள். இரண்டு மாதமாக அவளும் நானும் டூ. தப்பு என்னுடையதுதான். "உங்க வீடு என்ன வீடா, பட்டாளமா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டேன். அவர்கள் வீட்டில் ஒன்பது பேர்.

ஒன்பது பேர். ஆனால் அவள் பலகையில் துணிக்கு அடியில் ஐந்து மேடுதான் தெரிந்தது. கடையடைப்பில் அவர்கள் வீட்டு மாவு தீர்ந்திருக்க வேண்டும். அதை யாரும் பார்க்கக் கூடாதென்றுதான் விளிம்பு வரை இழுத்து மூடியிருந்தாள்.

சந்து வளைகிற இடத்தில் மேல் மாடிகள் முட்டிக்கொண்டு நிற்கும். பகலிலும் இருட்டு. அங்கே வந்ததும் அவள் காதருகே குனிந்தேன்.

"தாவ்ஸ், என் ரொட்டியில ரெண்ட உன் பலகையில வெச்சுக்கிறியா?"

"எதுக்கு? பட்டாளத்துக்குச் சோறு போடறியா?"

"நான் சொன்னது தப்புடி. என்னைத் திட்டு, அப்புறமா திட்டு. இப்போ வெச்சுக்கோ."

அவள் என் பலகையைப் பார்த்தாள். வாசலில் இருந்த நோட்டைப் பார்த்தாள். துணியைத் தூக்கிப் பிடித்தாள்.

எங்கள் பக்கம் ஒவ்வொரு வீட்டு மாவிலும் ஒரு குறி இருக்கும். எங்களுடையது தையல் விரலுறையை அழுத்திய வட்டம். அவர்களுடையது மூன்று புள்ளி. வட்டத்தைக் கட்டைவிரலால் தேய்த்து அழித்தேன். தாவ்ஸ் கொண்டை ஊசியை உருவி மூன்று புள்ளி குத்தினாள். இரண்டையும் அவள் துணிக்கு அடியில் தள்ளினேன்.

"முப்பத்தி நாலு. ஒம்பது பேரு, ஏழு ரொட்டி," என்றான் மொழிபெயர்ப்பாளன். அவள் உள்ளே போனாள்.

"முப்பத்தி ஒண்ணு. மூணு பேரு, மூணு ரொட்டி." நானும் போனேன். அப்பாடா என்று இருந்தது.

அந்த அப்பாடா கால் மணி நேரம்கூட நிலைக்கவில்லை.

அடுப்புக்காரர் ஸ்லிமான் பெரியப்பா நீண்ட மரத் துடுப்பால் வெந்த ரொட்டிகளை இழுத்து, அவரவர் பலகையில் வைத்தார். தாவ்ஸ் பலகையில் ஆறாவதை வைக்கப் போனவர், நிறுத்தி முகர்ந்து பார்த்தார். பிறகு அதையும் அடுத்ததையும் எடுத்து என் பலகையில் வைத்தார்.

"கருஞ்சீரகம். இது உங்கம்மா கை," என்றார் பெருமையாக. "குறி தப்பா இருந்தா என்ன? நாப்பது வருஷத்துல என் கையில ஒரு ரொட்டி மாறினதில்ல."

பாவி மனுஷா, இன்றைக்குத்தானா இந்தத் திறமையெல்லாம் காட்ட வேண்டும்?

மொழிபெயர்ப்பாளனுக்குக் காது நன்றாகவே கேட்டது. எழுந்து உள்ளே வந்தான். என் பலகையை எண்ணினான். சிப்பாயும் பின்னாலேயே வந்து நின்றான்.

"வீட்டுல மூணு பேரு. இங்க அஞ்சு எப்படி வந்துச்சு?"

அழுதால் தீர்ந்தது கதை என்று மட்டும் தெரிந்தது. பெரியப்பாவை நேராகப் பார்த்தேன்.

"பெரியப்பா, இது எங்க ரொட்டி இல்ல. நீங்க மாத்தி வெச்சிட்டீங்க."

அவர் முகம் சிவந்தது. அடுப்புச் சூட்டில் இல்லை. சந்தில் பாதிப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நேற்றுப் பல் முளைத்த பெண் அவருக்கு ரொட்டியைப் பற்றிச் சொல்லிக்கொடுக்கிறாள். அவர் திட்டுவதற்கு வாயைத் திறந்தார். நான் அவரையே பார்த்தேன். தயவுசெய்து, தயவுசெய்து என்று கண்ணாலேயே கெஞ்சினேன்.

"எங்களோடதுதான்," என்றாள் தாவ்ஸ். "மூணு புள்ளி இருக்கு பாருங்க."

பெரியப்பா என் பலகையைப் பார்த்தார். சிப்பாயின் துப்பாக்கியைப் பார்த்தார். திறந்த வாயை மூடிக்கொண்டார்.

"என்ன பெரியவரே, கருஞ்சீரகம்னு சொன்னீங்க?" என்றான் மொழிபெயர்ப்பாளன்.

"கரித்தூள் ஒட்டியிருக்கு," என்றார் அவர் மெதுவாக. "அதைப் பாத்து ஏமாந்துட்டேன். வயசாயிடுச்சு தம்பி. மாத்திட்டேன்."

இரண்டு ரொட்டியையும் எடுத்து, தாவ்ஸ் பலகையில் திரும்ப வைத்தார். மொழிபெயர்ப்பாளன் பிரெஞ்சில் ஏதோ சொன்னான். சிப்பாய் சிரித்தான். வரிசையிலும் யாரோ சிரித்தார்கள். பெரியப்பா அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டார். அன்று எனக்கு வந்த அழுகை அதற்காகத்தான்.

மதியம் தாவ்ஸ் மொட்டை மாடிகளைத் தாண்டி இரண்டு ரொட்டியோடும் வந்தாள். அம்மா ஒன்றை வாங்கிக்கொண்டு, மற்றதை அவர்கள் வீட்டுக்கே கொடுத்தனுப்பினார். மறுநாளிலிருந்து எங்கள் மாவு இரண்டு வட்டம் அவள் பலகையில்தான் போனது, கருஞ்சீரகம் இல்லாமல். பன்னிரண்டாம் நாள் ஷெரீஃப் அண்ணன் மாடிகள் வழியாகத் தன் காலாலேயே நடந்து போனார்.

பெரியப்பா பாடுதான் பாவம். சுட்ட ரொட்டியை எடுத்துப்போக வருகிறவர்களெல்லாம், "இது எங்களுதுதானா, இல்ல பக்கத்து வீட்டுதா?" என்று சீண்டினார்கள். அவர், "பாத்து எடுத்துக்கோப்பா, வயசாயிடுச்சு," என்பார். உண்மையைச் சொன்னால் ஆபத்து. ஐந்து வருடம் வாயைத் திறக்கவில்லை அவர். நானும் திறக்கவில்லை.

1962, ஜூலையில் பிரெஞ்சுக்காரர்கள் போனார்கள். கஸ்பா முழுக்கப் பச்சையும் வெள்ளையுமாகக் கொடி. அப்பாவும் வீட்டுக்கு வந்துவிட்டார். நான் தாவ்ஸை இழுத்துக்கொண்டு நேராக அடுப்புக் கடைக்கு ஓடினேன். கூட்டம் நெரிந்தது. மாவு மூட்டை மேல் ஏறி நின்று, அன்று நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன்.

"பெரியப்பா கையில ஒரு ரொட்டிகூட மாறல," என்று முடித்தேன்.

பெரியப்பா துடுப்பைச் சுவரில் சாய்த்தார். மாவுக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு என் பக்கம் காதைத் திருப்பினார்.

"சரியா கேக்கல," என்றார். "கடைசிப் பேச்ச இன்னொரு தடவ சத்தமா சொல்லு."